மூன்று முதல் மூன்றரை வரை

முதல் வெள்ளி காலை ஆறுக்குக்
கதிர்ப்பாத்திரம் பீடத்தில் ஏறினால்
சாயங்காலம் ஆறுவரை முன்னால் ஆள் வேண்டும்.
“ஆண்டவரைத் தனியா விட்டுரக் கூடாது” என்று
சாமியார் நோட்டை என் கையில் தந்துவிட்டுப்
பணகுடிக்குப் பூசைக்குப் போய்விட்டார்.

இருபத்து நாலு அரைமணி.
எங்கள் அன்பியத்தில் அம்மாமார் இருபத்தாறு பேர்.
லேசாக முடிந்துவிடும் என்று
பேனாவால் கட்டம் போட்டேன். முதல் தப்பு அது.

“எட்டரைக்கு எழுதுங்கக்கா” என்று பதினோரு பேர்.
பள்ளி வேன் போன பிறகு, இலை நனைப்பதற்கு முன்,
எல்லாருக்கும் உள்ளது அந்த ஒரே எட்டரைதான்.
விண்ணரசிக்கு இரட்டைப் பிள்ளை,
ஒன்று கண்ணசந்தால் மற்றது விழிக்கும்.
“ரெண்டையும் தூக்கிட்டு வாரேன், கத்துனா
யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”
பனிமேரி காற்றாலை ஆபீசைப் பெருக்குகிறாள்,
அரைமணி கேட்டால் அரைநாள் கூலி வெட்டு.
செபஸ்தியம்மாள் வாசல் தாண்டி வராமலே சொன்னாள்:
“முழங்கால் போட நேரமில்லாமயா கெடக்கேன்?
தரை தொடைக்கும்போது போட்டுக்கிட்டுதான இருக்கேன்.”
ஆனாலும் பதினொன்றரைக்குப் பெயர் தந்தாள்.
ஜெனோவா பெயரை எழுதி அடித்து
எழுதி அடித்துத் தாள் கிழிந்துவிட்டது.

எல்லாம் நிறைந்தும் ஒரு கட்டம் வெறுமை.
மூன்று முதல் மூன்றரை.
நாலு மணிக்குப் பீடிக்கடையில் கட்டு இறக்க வேண்டும்,
அந்த அரைமணியில் எவளும் தலை தூக்க மாட்டாள்.
அவர் உயிர்விட்ட நேரம் அது.
அன்றைக்கும் ஆள் குறைவுதான்.
சிலுவையடியில் நின்ற பெண்களின் வீட்டில்
அன்று உலை வைத்தது யாரென்று
எழுதினவர்கள் எழுதவில்லை.

அமலபுஷ்பம்தான் கேட்டாள்:
“தட்ட மடியில வச்சுக்கிட்டு இருந்தா குத்தமாக்கா?
கை பாட்டுக்குச் சுத்தும். கண்ணு அங்கதான இருக்கும்.”
சாமியாரிடம் நான் கேட்கவில்லை.
கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில், கடைசியில்
அவளை உட்கார வைத்தேன்.
தூள் பறக்கும் என்று மின்விசிறியை அவளே நிறுத்தினாள்.
வெளியே கணவாய்க் காற்று கதவை உலுக்கியது.
உள்ளே சாம்பிராணி வாடைக்குள் புகையிலை வாடை.

மூன்று பத்துக்குத் தெருவில் ஒரு குரல்:
“தண்ணி வருது!”
பதினோரு நாளைக்கு அப்புறம்.
அமலபுஷ்பம் அசையவில்லை. விரல் மட்டும் நின்றது.
பீடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
“போளா” என்றேன். “நான் இருக்கேன்.”
தட்டை என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

நான் பீடியை விட்டு ஆறு வருஷம்.
என் வீட்டுக் குழாயும் திறந்துதான் கிடந்திருக்கும்.
அவரிடம் சொல்ல எத்தனையோ இருந்தது:
மூத்தவனின் அரியர், அடகில் கிடக்கும் மதினி வளையல்,
இந்த நோட்டு.
ஒன்றும் வரவில்லை.
உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த வெள்ளையைச்
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதுவும் சும்மா இருந்தது.

ஈரச் சேலையோடு அவள் திரும்பி வந்தபோதுதான்
மடியைக் குனிந்து பார்த்தேன்.
பத்தொன்பது பீடி.
ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள்.
“நூலு தளர்ந்திருக்குக்கா. இதெல்லாம் கழிச்சிருவான்.”
முழங்காலிட்டு எழுந்தாள். போகிற போக்கில்,
“ஒங்க வீட்டுல ரெண்டு கொடம் பிடிச்சு வச்சிருக்கேன்.
மூடல.”

அடுத்த மாதக் கட்டத்தைப் பென்சிலால் போட்டேன்.
மூன்று முதல் மூன்றரை: அமலபுஷ்பம்.
அடியில், பொடி எழுத்தில்:
தண்ணி வந்தால், நான்.