மணியின் நாக்கு

பதினோராம் அறைக்கும் பதினான்காம் அறைக்கும் நடுவே
இரண்டு கதவுகள், ஒரு தீயணைப்பு உருளை,
யாரும் உட்காராத பச்சை நாற்காலி.
மேயோ கடலோரம், நாற்பது படுக்கை முதியோர் இல்லம்.
இன்றிரவுப் பொறுப்பு நான்.

பதினொன்றில் அட்ராக்டா.
மருந்தை நிறுத்தியாயிற்று.
இனி அவளுக்கு வேண்டியது அவஸ்தைப்பூசுதல்,
கறுப்பு அங்கியோடு குருவானவர்,
தாழ்வாரம் நெடுக மெழுகுதிரி,
ஆண்டவர் வாசல் நுழைகையில் மணி.
மணி அவளுடையதே. நாக் திருத்தலத்தில் வாங்கியது.
மாத்திரை டப்பிக்குப் பக்கத்தில் தயாராய் நிற்கிறது.

பதினான்கில் ஃபின்டன்.
எட்டு வயதில், துறவறச் சகோதரர்கள் நடத்திய தொழிற்பள்ளி.
அறுபது கட்டில். இரவில்
இடுப்பில் தொங்கும் செபமாலை
சாவிக்கொத்தில் உரசிக்கொண்டே வரும்.
எந்தக் கட்டிலருகே சத்தம் நிற்கிறது என்று
மூச்சைப் பிடித்து எண்ண வேண்டும்.
அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்.
மீதியை, நான் சாவியை மேசையில் வைக்கும்போதெல்லாம்
அவர் கை சொல்கிறது.

அங்கி அணிந்த எவரும் இந்தத் தாழ்வாரத்தில் வேண்டாம்
என்று அவர் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.
அட்ராக்டாவின் தங்கை மகளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.
இரண்டு கோப்பிலும் ஒரே கறுப்பு மையில்
உரிமை என்று இருக்கிறது.
மேலாளர் விடுப்பில்.
நான் கடைசியாய்க் கோயிலுக்குப் போனது
யாருடைய கல்யாணத்துக்கோ.

ஃபாதர் ஒபின்னா சமையலறைக் கதவு வழியே வந்தார்.
நான் கேட்டபடியே நீல ஸ்வெட்டர்,
காலணி கழற்றிக் கையில்,
செபமாலை ஒரு காலுறைக்குள் சுருட்டி.
உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தாண்டி
கடவுளைத் திருட்டுச் சாமான் மாதிரி
சட்டைப்பையில் கொண்டுவந்தார்.
"எங்கள் ஊரில் இவரை மேளத்தோடு கொண்டுபோவோம்" என்றார்,
குறையாக அல்ல.

அட்ராக்டா ஒரு கண்ணைத் திறந்தாள்.
"யாரிது, குழாய் ரிப்பேருக்கா?"
கதவைச் சாத்திய பிறகே அங்கி.
எண்ணெய். நெற்றி. உள்ளங்கை.
அப்புறம் கேட்டாள்: மணி.

முன்னிரவிலேயே செய்திருந்தேன்.
காயத்துக்குக் கட்டும் பஞ்சை
மணியின் நாக்கைச் சுற்றி வைத்து
மேலே பிளாஸ்திரி.
ஆட்டினேன். மூன்று முறை, முழுக் கையையும் வீசி.
ஃபாதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அடிச்சாச்சா?"
"அடிச்சாச்சு."
"ஊருக்கே கேட்டிருக்கும்" என்றாள்.

நாலரைக்கு மூச்சு நின்றது.

மெழுகின் வாசனைக்குப் பஞ்சு சுற்ற மறந்திருந்தேன்.
பதினான்கில் கட்டில் காலி.
ஃபின்டன் அதனடியில், சப்பாத்து மாட்டிக்கொண்டு,
முகம் சுவரோடு.
நானும் தரையில் படுத்தேன், தொடாமல்.
"போயிட்டாங்களா?"
யாரைக் கேட்கிறார் என்று தெரியும்.
"போயிட்டாங்க" என்றேன்.
புதன்கிழமைகளில் அவரும் அவளும் சீட்டாடுவார்கள்.
அவள்தான் கள்ள ஆட்டம் ஆடுவாள்.
விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

பத்து மணிக்குத் தங்கை மகள் வருவாள்
சாமான்களை அட்டைப்பெட்டியில் போட.
மணியை எடுத்தால் ஆட்டிப் பார்க்காமல் இருப்பாளா?
பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்,
மணி மடியில் மல்லாந்து.
பிளாஸ்திரியின் நுனி நகத்தில் அகப்படுகிறது.
ஃபின்டன் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார்.
எவ்வளவு மெதுவாய்ப் பிரித்தாலும்
ஒரு தடவை அது பட்டுவிடும்.