நாலுமுக்கு, ராத்திரி ரெண்டு மணி

மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு மேலே
எட்டாம் வளைவில் ரோடு இல்லை.
சுடலைவடிவுக்குப் பிள்ளை பிறந்து
ரத்தம் நிற்கவில்லை.

ரெண்டு பாட்டில் குளுக்கோஸ், ஒரு ஊசி.
டிஸ்பென்சரியில் அவ்வளவுதான் இருந்தது.
அடிவயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டே
ஃபோனில் சொன்னேன்:
‘பி நெகட்டிவ். ஆமா, நெகட்டிவ்.’

கால்பந்து மைதானத்தில், ஜீப் வெளிச்சத்தில்,
பிளீச்சிங் பவுடரால் வட்டம் போட்டான் ஆசீர்.
மழை அழித்தது. மறுபடி போட்டான்.

மேகத்துக்குள்ளிருந்து விமானமாகத்தான் வந்தது.
எங்கள் தலைக்கு மேல்
மனசு மாறினாற்போல
ரெண்டு விசிறியையும் வானத்துக்குத் திருப்பி
அந்தரத்தில் நின்று, இறங்கியது.
கொழுந்துச் சாக்குகள் பறந்தன,
லயத்துக் கூரையில் மூணு தகரம்,
நான் எழுதிவைத்த சீட்டும்.
நல்லவேளை, அவள் முழங்கையிலும்
பேனாவால் எழுதியிருந்தேன்:
ஊசி 2.10. பிரஷர் எழுபது.

ஏற்றும்போது கேட்டாள், ‘அக்கா, பிள்ள?’
‘எங்கிட்டதாம்ட்டி இருக்கு. நீ போ.’

எழும்பி, விசிறியை முன்னால் சாய்த்து
காக்காச்சிக்கு அந்தப்பக்கம் மறைந்தது.
ரோடு இருந்தாலே நாலு மணி நேரம் ஹைகிரவுண்டுக்கு.
பதினேழாம் நிமிஷம் ஃபோன்:
‘தியேட்டருக்குள்ள போயாச்சு.’
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் எஸ்டேட் ரைட்டர் வந்து
தகரத்தை யார் கணக்கில் எழுத என்றார்.
மடியில் பிள்ளை
என் சுண்டுவிரலை உறிஞ்சிக்கொண்டிருந்தது,
அதில் ஒன்றும் வராது என்று
இன்னும் தெரியாமல்.