முக்கால் மணி நேரம்

காணிப் பதிவகத்தில் நான் தேடுகிறவன்.
வேலையின் பெயரே அதுதான், தேடுதல்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று நொத்தாரிஸ் தருவார்.
தூசுக்குத் தனிக்காசு இல்லை.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே நுழையும் ஒழுங்கை.
மூன்றேகால் பேர்ச்சஸ்.
கிழக்கே வாய்க்கால்,
மேற்கே யாரோ ஒரு பெர்னாண்டோவின் சுவர்.
ஏடு நானூற்றுப் பன்னிரண்டு, பக்கம் அறுபத்தேழு.
கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது,
கடனைத் தின்னவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மார்ச்,
ஈட்டு முறி, பதினெண்ணாயிரத்து நானூறு ரூபாய்,
வட்டி வேறு.
அன்றைய நீல மை இன்று தேயிலைச் சாயம்.
குறிப்புகளுக்கான கட்டம்
வெறுமையாக இருந்தது.
வங்கி லோயர் அந்த வெறுமையைச் சுற்றி
சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டுத்
திருப்பி அனுப்பியிருந்தார்.

"அது கட்டி முடிச்சாச்சு தம்பி" என்றார் பாக்கியசோதி அக்கா.
"ஐஸ்பழப் பெட்டி வாங்கின காசு.
பெட்டி துருப்பிடிச்சுப் போச்சு,
மனுசனும் போயிட்டார்,
இது மட்டும் ஏன் கிடக்கு?"

கைப்பையிலிருந்து ஒரு கலண்டர் தாள் வந்தது.
முன்பக்கம் ஞாயிறு, ராகு காலம் நாலரை முதல் ஆறு.
பின்பக்கம் முத்திரைக்கு மேலே சாய்ந்த கையொப்பம்:
முழுதும் பெற்றுக்கொண்டேன்,
ஸெய்னுலாப்தீன்.

தாள் பொய் சொல்லவில்லை.
ஆனால் ஏட்டுக்குக் காது கிடையாது.
அதற்கு நொத்தாரிஸ் வேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும்,
கடன் கொடுத்தவர் கை வேண்டும்.
முப்பத்துநாலு வருடம்
தகரம் மாற்றி, சுவருக்கு மஞ்சள் அடித்து,
வருடா வருடம் மாநகர சபைக்குச் சோலை வரி கட்டி,
கடனில்லாத வீட்டில் இருப்பதாகத்தான்
அவர்கள் இருந்தார்கள்.

மூன்றாம் குறுக்குத் தெருவில் அவருடைய புடவைக்கடை
இப்போது போன் உறை விற்கிறது.
பையனொருவன் தெமட்டகொடைக்குக் கைகாட்டினான்.
நாலாம் மாடி. லிப்ட் பழுது.
அக்கா படிக்குப் படி நின்று நின்று ஏறினார்.

பௌசியா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
கடனை அவர் பார்க்கவில்லை.
"வாப்பாட எழுத்துத்தான். பாருங்க,
ழகரத்துக்கு வால் போடவே மாட்டார்.
ஸ்கூல்ல எனக்கும் அதால அடி விழுந்த."
பிறகு, "காசொண்டும் வாணாம்.
இதில ஒரு போட்டோக்கொப்பி தாங்க."

தம்பி தெஹிவளை, அவர் வந்து ஒப்பமிட்டார்.
இன்னொருவர் தோஹா.
அங்கிருந்து தூதரக முத்திரையோடு அற்றோனித் தத்துவம் வர
இரண்டு மாதமும் ஒரு நோன்பும் கடந்தன.
புதுக்கடையில் விடுவிப்பு உறுதி எழுதினோம்.
சாட்சிகளில் ஒருவன் நான்.

வியாழக்கிழமை காலை பத்து இருபது.
கருணாதிலக்க மாத்தயா மூக்குக் கண்ணாடியை இறக்கி
அந்தக் கட்டத்துக்குள் ஒன்றரை வரி எழுதினார்.
"என்ன எழுதியிருக்கு?"
சிங்களத்தை வாசித்துச் சொன்னேன்:
ஈடு விடுவிக்கப்பட்டது.
"இன்னொருக்காச் சொல்லுங்கோ."
சொன்னேன்.

வெளியே வங்கிப் பெடியன் புதுக் கோப்போடு நின்றான்.
இருபத்திரண்டு இலட்சம்.
கடைசி மகன் ருமேனியா போகிறான்,
ஏஜென்சிக்காரன் வெள்ளிக்கிழமை வரைதான் தவணை தந்திருந்தான்.
அதே ஏடு, அதே பக்கம்,
கீழே அடுத்த வரியில் அதுவும் ஏற வேண்டும்.

"முதல்ல ஒரு பிளேன்ரீ" என்றார் அக்கா.
எதிர்க்கடை வாங்கில் குந்தினார்.
என் காசை மறித்தார்.
உள்ளங்கையில் கொட்டிய சீனியை
துளித்துளியாக நாக்கில் தொட்டுக்கொண்டு
ஒவ்வொரு மிடறாகக் குடித்தார்.
பெடியன் மணிக்கூட்டைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
நான் தெருவைப் பார்த்தேன்.

பதினொன்று ஐந்துக்குப் பதிந்தோம்.

தேடுகூலியைக் கேட்டு வாங்கினேன், முழுதாக.
இரவு கணக்குக் கொப்பியில் எழுதும்போது
'முழுதும்' என்ற சொல்லில்
ழகரத்துக்கு வால் போட்டேனா என்று
திரும்பப் பார்த்தேன்.