பெரட்டு

பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும்.
அதற்குமேல் மெழுகுவர்த்தியில் படித்தேன்,
எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு,
பீடோருக்கு நாலு மைல் தள்ளிய எஸ்டேட்டில்
சின்னக் கிராணியாக இருந்த வருடம்.

நைல் நதிக்கரையில்
நரித்தலை மாட்டிய ஒரு பூசாரி
செத்த அரசனுக்காக அழுதானாம்.
கிரேக்கத்தில் ஐம்பது பேர் வட்டமாய்ப் பாட
ஒருவன் மட்டும் விலகி வந்து
"நான்தான் அவன்" என்றானாம்.
வேலன் அந்தப் புத்தகத்தில் இல்லை.
தினையும் குருதியும் சிந்திய களத்தில்
முருகன் குரலில் பேசியவனை
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

ஐந்தரைக்குப் பெரட்டு.
நான் பேர் வாசிப்பேன்.
இருட்டில் நாற்பது நெற்றி விளக்குகள்
என்னைப் பார்க்கும்.
விளக்குக்குப் பின்னால் முகம் தெரியாது.

"தவமணி."
"இருக்கேன்."
"இருளாயி."
"இருக்கேன்."

இரண்டும் ஒரே விளக்கிலிருந்து வந்தன.
இரண்டாவதில் கொஞ்சம் மூக்கடைப்பு,
கடைசியில் ஒரு செருமல்.
இருளாயி அப்படித்தான் செருமுவாள்.
இருளாயி அப்போது லயத்தில் பாயில் கிடந்தாள்,
நாலு மாதக் கரு கலைந்து மூன்றாம் நாள்.

பேனா நின்றது.
வரிசை மூச்சுவிடவில்லை.
ஒரு கோடு என்பது ஒரு நாள் சம்பளம்.
போட்டேன்.

மறுநாள் சின்னக்கண்ணு மண்டோர்,
எல்லாம் தெரிந்தவர்,
விளக்கை நேராகப் பார்த்து
"என்ன இருளாயி, இடுப்பு வலி தேவலையா?" என்றார்.
"தேவலைங்க மண்டோரே. மழ வந்தா இழுக்குது."
யாரோ களுக்கென்று சிரித்து
அதை இருமலாக்கினார்கள்.
கிரேக்கத்தில் இரண்டாம் நடிகன் வரப்
பல வருடம் பிடித்ததாம்.
எங்களுக்கு ஒரே ராத்திரி.

கூத்தாடிக்கு வேஷம் கலைந்தால் வீடு.
தவமணிக்கு இன்னொரு நிரை.
தன் மரங்களை வெட்டிவிட்டு
இருளாயி மரங்களுக்கு ஓடுவாள்.
மத்தியானம் பால் நிறுக்கும் இடத்தில்
இரண்டாம் நடையாகக் காண்டாவை இறக்கும்போது
முகத்தைப் பார்த்தேன்.
வெயிலில் அது தவமணி மட்டும்தான்,
தோளில் கன்றிப்போன சிவப்போடு.

பன்னிரண்டாம் நாள்
இருளாயி வந்து வரிசையில் நின்றாள்.
பேர் வாசித்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
தவமணியின் வாய் திறந்து மூடியிருக்க வேண்டும்.
பிறகு, "இருக்கேன்."
மெலிதாக. செருமலே இல்லாமல்.

"தவமணி அளவுக்கு வரலியே"
என்றது இருட்டு.
நாற்பது விளக்கும் குலுங்கின,
இருளாயியுடையதும் சேர்த்து.

நவம்பரில் தேர்வு.
நாடகத்தின் தோற்றம் பற்றி ஒரு கேள்வி வந்தது.
நைல் எழுதினேன். கிரேக்கம் எழுதினேன்.
வேலனுக்கு அரைப் பக்கம்.
பீடோரை விட்டுவிட்டேன்.
தாள் திருத்துகிறவர்
எந்தத் துரைக்கு என்ன உறவோ,
யார் கண்டது.