இரவென்று தெரியாத கதவு

முதல் கோழியைத் தலையில்லாமல் கண்டெடுத்தோம்.
மற்றதெல்லாம் இருந்தது: வெள்ளைச் சிறகு,
மஞ்சள் கால், வயிற்றுக்குள் ஒரு தோல்முட்டை.
கழுத்துக்கு மேலே மட்டும்
யாரோ கணக்கு முடித்திருந்தார்கள்.

நரியென்றால் முழுசாய்த் தூக்கிப் போயிருக்கும்,
மிங்க் என்றால் ஒன்றையும் விட்டிருக்காது,
என்றான் ப்ரோகிப், பனியில் குந்தியபடி.
வந்த தடமில்லை, போன தடமில்லை.
இருபுறமும் விரல் விரித்து அழுத்தினாற்போல்
இறகு பதிந்த கோடுகள்.

அவள் எப்போதும் அடையாத பிடிவாதக்காரி,
டிராக்டர் இருக்கைதான் அவளுக்குப் பரண்.
மற்ற எட்டும் ஒழுங்கு.
வெளிச்சம் மங்கினால் தானே இறங்கும்,
வெளுத்தால் தானே ஏறும் கதவு ஒன்று
மூன்று வருடமாய் அவற்றைக் காத்துவந்தது.
நான் டாஃபினுக்கு வடக்கே
சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்;
கோழி அடையும் நேரம் எனக்கு நடுத்தூக்கம்.

அடுத்த பண்ணை லுபோமிர் சொன்னான்:
சுடு, புதை, வாயை மூடு.
சட்டம் இருக்கிறது என்றேன்.
சட்டத்துக்கு ராத்திரியில் கண் தெரியாது என்றான்.
ப்ரோகிப் துப்பாக்கி எடுக்கவில்லை. கடைக்குப் போய்
ஒரு பெரிய விளக்கு வாங்கிவந்தான்.
கம்பம் நட்டு, கொட்டிலைப் பார்க்கத் திருப்பி,
இனி வரட்டும் பார்க்கலாம் என்று கை தட்டினான்.

ஐந்து இரவில் இன்னும் இரண்டு போயின.
அதே மாதிரி. கழுத்துவரை.
இன்னும் பெரிய விளக்கு வாங்க வேண்டும் என்றான்.

பிறகு ஒருநாள் வண்டியில் ஹைட்ராலிக் குழாய் வெடித்து
ராத்திரி இரண்டு மணிக்கே வீடு திரும்பினேன்.
முற்றத்தில் உச்சிவேளை.
ஆறு கோழிகளும் கொட்டிலுக்கு வெளியே
பனியைக் கிளறிக்கொண்டிருந்தன,
பகலென்று நம்பி. கதவும் அப்படியே
அண்ணாந்து நின்றிருந்தது.
விளக்குக் கம்பத்தின் உச்சியில்,
நாங்கள் போட்ட வெளிச்சத்துக்கு ஒரு சாண் மேலே,
இரண்டு கொம்பும் விறைத்து
கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருந்தது,
சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தாற்போல்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.
அதன் பிறகுதான் ஸ்விட்சைத் தேடி ஓடினேன்.

இருட்டினால் கோழி கல்லாகிவிடும்,
நின்ற இடத்திலேயே குந்தி.
கதவு இப்போது புத்தி வந்து
கிர்ரென்று இறங்கியது, உள்ளே ஒருவரும் இல்லாமல்.
பின்பக்கத் தாழ்ப்பாளைத் திறந்துவைத்து
வெள்ளை மேலே வெள்ளையைத் தடவித் தடவி
ஒவ்வொன்றாய் அக்குளில் இடுக்கிக் கொண்டுபோனேன்.
கோழியின் நெஞ்சு அத்தனை வேகமாய் அடிக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரியும். என்னுடையதும்.

ஐந்தாவதை எடுத்து நிமிரும்போது
ஒரு சத்தமும் கேட்கவில்லை. சத்தியமாய்.
யாரோ போர்வையை உதறின காற்று மட்டும்.
தலை திடீரென்று குளிர்ந்தது.
தொப்பி இல்லை.

ஆறாவதைத் தவழ்ந்துதான் எடுத்தேன்.

இப்போது கதவுக்குக் கடிகாரம் வைத்தாயிற்று,
முற்றத்தின் மேல் கம்பிவலை கட்டியாயிற்று.
விளக்கு ப்ரோகிப்பின் பட்டறையில் கிடக்கிறது;
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மார்ச் தொடக்கத்தில், பாப்லர் தோப்பில்
காகங்கள் கூடிக் கத்திய இடத்துக்குப் போனேன்.
பழைய காகக் கூட்டில், முதுகெல்லாம் பனி மூடி,
அசையாமல் அடைகாத்துக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்தது. இமையை மெல்ல மூடித் திறந்தது.
எனக்கு அதன் மேல் பாசமெல்லாம் வரவில்லை.
மரத்தடியில் எலி மயிர் உருண்டைகளுக்கு நடுவே
என் சிவப்புத் தொப்பி கிடந்தது.

துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
நாலு துளை. தைக்கவில்லை.
வேலைக்குக் கிளம்புமுன் கொட்டிலில் நுழைந்து
இருட்டிலேயே பரணைத் தடவி எண்ணுகிறேன்:
ஆறு. மறுபடியும், ஆறு.
வெளியே வந்தால் குளிர் அந்தத் துளைகளை
ஒவ்வொன்றாய்க் கண்டுபிடிக்கிறது.