பாதி வாளி

கடைசி முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே
ஒரு நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறதாம்.
எட்டு இருபது ஹார்பர் லோக்கலில்
யாரோ இருவருடைய பைகளுக்கு நடுவே
என் துப்பட்டா மாட்டிக்கொள்ளுமே, அப்படி.
ஷிர்கே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"கத்தி வேண்டாம், ஆறு வாரம்,
வீட்டிலேயே சரியாகிவிடும்" என்றார்.
வீட்டிலேயே.
அவர் என் வீட்டைப் பார்த்ததில்லை.

ஆன்டாப் ஹில்லில் பத்துக்குப் பன்னிரண்டு.
கட்டில், பீரோ, தையல் மிஷின், அடுப்புமேடை
போக மிஞ்சிய தரையில்
மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து
கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலிமேல் வைக்க வேண்டும்.
சுயம்பு டேப் எடுத்து அளந்தார்.
தலை பீரோவை முட்டினால்தான் கால் நாற்காலிக்கு எட்டும்,
நாற்காலிக்குப் பின்னங்கால் வாசலுக்கு வெளியே.
ரூபன் என்னைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்குக் கிளம்பினான்.
ஆளைத் தாண்டினால் வளரமாட்டார்கள் என்பார்கள்.
நாற்பத்து மூன்றில் இனி என்ன வளர்ச்சி.
தாண்டுடா.

மெடிக்கலில் பதினோரு வருடம் பில் போட்டவள் நான்.
பச்சை டியூப், மஞ்சள் டியூப், ஸ்ப்ரே, பெல்ட்
எல்லாம் நின்ற காலில் நின்று
அடுத்தவர் இடுப்புக்கு விற்றேன்.
இப்போது அதே பச்சை டியூபைத் தள்ளுபடியில் வாங்கிவந்து
தடவக் கை எட்டாமல்
சுவரில் உரசிக்கொள்கிறேன் எருமை மாதிரி.
வெந்நீர்ப் பை மட்டும் கொஞ்சம் கேட்கிறது,
அதுவும் சூடு இருக்கிறவரை.

வலியைச் சொல்லத் தமிழில் பஞ்சமா?
குத்துகிறது, குடைகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண் என்கிறது.
ஷிர்கேவிடம் கொடுக்க என்னிடம்
ஒரே ஒரு மராட்டிச் சொல்தான் இருந்தது. துக்தய்.
பத்துக்கு எத்தனை என்று கேட்டார்.
பத்து போதாது டாக்டர்,
இது ஸ்லோ லோக்கல், புட்டத்தில் கிளம்பி
தொடை, ஆடுசதை, கணுக்கால் என்று
எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிறது.
சுண்டுவிரலுக்கு வந்தால் அங்கே ஆளே இல்லை.
மரத்துப்போச்சு என்கிறோம்.
மரம் காற்றுக்காவது அசையும்.

தரையோடு தரையாய்க் கிடந்து
பக்கவாட்டில் திரும்பினால் பீரோவுக்கு அடி தெரியும்.
ரூபன் பிறந்த வருடம் தொலைந்த கம்மல் திருகாணி,
ஒரு ஐம்பது காசு, பல்லிமுட்டை ஓடு.
குனிந்து எடுக்கக் கூடாது எனக்கு.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலரைக்குத் தண்ணீர் வரும், ஐந்தரைக்கு நிற்கும்.
"எடை தூக்காதீர்கள்" என்பதன் கீழே
இரண்டு கோடு போட்டிருந்தது சீட்டில்.
சுயம்பு நைட் ஷிஃப்டில் இருக்கும் வாரம் எழுதுகிறவர்
அந்தச் சீட்டில் யாரும் இல்லை.
மூன்று வாரம் பக்கத்து ரூம் நசீமாவே தூக்கினாள்.
நான்காம் வாரம் வாளியைப் பாதி நிறைத்து
என் கையில் தந்தாள்.
"ஆதா. தோ பார்."
அரை வாளி, இரண்டு நடை.
இருபது வருடம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?
முழு வாளிதான் தூக்கணும் என்று யாரும் சொல்லவில்லையே.
பின்னால் வரிசை நின்றது, அவ்வளவுதான்.

ஐந்தாம் வாரம் காலில் எறும்பு ஊர்ந்தது.
தட்டப் போனேன், எறும்பில்லை.
கண்ணை மூடிக்கொண்டு
பென்சிலால் விரல்களைக் கீறச் சொன்னேன் ரூபனிடம்.
"எது இப்ப?"
"கட்டைவிரல்."
"இப்ப?"
"நடுவிரல்."
"இப்ப?"
"சீக்கிரம் கீறுடா."
"கீறிட்டேம்மா. ரெண்டு தடவை."

அதற்கப்புறம் எத்தனை நாள் என்று எண்ணவில்லை.
குழாயடியில் வாளி தளும்பிக் காலில் விழுந்தது.
பாதத்தின் ஓரத்தில், கடைசியில்,
அரிசி அளவுக்கு ஒரு குளிர்.
நசீமாவிடம் சொல்ல இந்தி வரவில்லை.
வாளியைக் கீழே வைத்தேன்,
முழங்காலை மடித்து, முதுகை வளைக்காமல்,
சொல்லித்தந்தபடி.