மூன்று மில்லிமீற்றர்த் தகடு

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு றோட்டில்
மூன்றாவது தகரக் கொட்டில், நிமலதாசன்ரை கராஜ்.
சனிக்கிழமை. எனக்கு லீவு.
"என்ன செய்யுது?" என்றான்.
"ஓடேக்கை ஒண்டுமில்லை.
அக்சிலேற்றரை விட்டால்தான் வெடிக்குது."
சிரித்தான்.
முகமாலையில் நிலக்கண்ணி எடுக்கிறவள் நான் என்று
அவனுக்குத் தெரியும்.

பெரிய சத்தமில்லை.
வேகம் குறைகிற இடத்தில்
சைலன்சருக்குள் பட், பட்,
சில நாள் இரண்டு, சில நாள் ஐந்து.
வேகம் குறைகிற இடம் எங்கள் ஒழுங்கை முனை.
அங்கே குலவீரசிங்கத்தார்
கதியாலுக்கு முட்கம்பி அடிக்கிறார்.
மாசியில் தொடங்கினவர், இன்னும் அடிக்கிறார்.
முதல் 'பட்'டுக்கு மண்ணோடு படுத்துவிடுவார்.
எழும்ப முதல் கையால் நிலத்தைத் தடவுவார்,
ஆணி விழுந்துவிட்டதாம்.
நானும் நின்று கேட்பேன்:
"கிடைச்சுதோ அண்ணை?"
"கிடைச்சிட்டுது" என்று
வெறுங்கையைப் பொத்திக்கொள்வார்.
ஒரு மாதமாக இந்த ஆணி.

நிமலதாசன் தாங்கிக்குக் கீழே விரலை விட்டான்.
காற்றுப் பெட்டியிலிருந்து எஞ்சின் ஹெட்டுக்கு
ஒரு கறுத்த ரியூப்.
எரியாமல் வெளியேறுகிற பெற்றோலுக்குக்
கொஞ்சம் காற்றூட்டி
போகிற வழியிலேயே எரித்துவிடுகிற ஏற்பாடு.
"புகை குறையவெண்டு கம்பனி வைச்சது.
அதுதான் வழியிலை வெடிக்குது.
நிப்பாட்ட மூண்டு விதம் இருக்கு."

சைலன்சரின் குடலை வெட்டி எடுத்து
வெறுங்குழாய் ஆக்குகிறது ஒன்று.
பெடியள் ஆசைப்பட்டுக் கேட்கிறது.
சத்தத்துக்குச் சத்தமோ மருந்து?
விடச் சொன்னேன்.

மற்றது பத்து நிமிஷம், காசு வேண்டாம்.
ரியூப்பைக் கழற்றி
பழைய பெயாரிங் உருண்டை ஒன்றை உள்ளே தள்ளி
திரும்பப் பூட்டிக் கிளிப்பை இறுக்கிவிடுகிறது.
"வெளியிலை ஒரு வித்தியாசமும் தெரியாது அக்கா.
புகைச் சோதனைக்காரனுக்கும் தெரியாது."
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
எண்ணெய் மினுக்கம்.
சின்னது. கனம்.

எனக்குத் தொண்டை காய்ந்தது.
உள்ளே ஒன்றை வைத்து
மேலே பழையபடி மூடி
தெரியாது என்று விட்டுப் போனவர்களுக்குப் பின்னால்தான்
ஆறு வருஷமாக முழங்காலில் நகர்கிறேன்,
நல்ல நாளில் ஒரு பாய் அகலம்.
"அதுவும் வேண்டாம் தம்பி."

மிச்சம் ஒன்று.
வால்வு, ரியூப், பிடிகம்பி எல்லாம் கழற்றி
ஓட்டையைத் தகட்டால் அடைக்கிறது.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய், அரை நாள்.
"புகை கூடுமோ?"
"கூடும். பொய் சொல்லமாட்டன்.
சும்மா நிக்கேக்கை மணக்கும்."

வாங்கில் இருந்து யோசித்தேன்.
எனக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவள்,
பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை,
அவர்களைக் கேளாமல்
அவர்கள் மூக்குக்கு நான் கொடுக்கப்போவது.
ஒரு பக்கம் அது, மறுபக்கம் ஒரு ஆணி.
கணக்கு நேராக வரவில்லை.
வராமலேயே ஓம் என்றேன்.

தேயிலைப் பெட்டி மட்டையை
எண்ணெய் பிடித்த வாயில் அழுத்தி அச்செடுத்தான்.
பக்கத்தில் அலுமினியக் கதவு செய்கிறவனிடம்
மூன்று மில்லிமீற்றரில் ஒரு துண்டு.
அறுத்தான், அராவினான், வெளிச்சத்துக்குப் பிடித்தான்,
இன்னும் அராவினான்.
இரண்டு போல்ட்.
காற்றுப் பெட்டியின் வாய்க்கு ஒரு றப்பர் மூடி.

கழற்றினதை மூலைக்கு எறியப் போனான்.
வாங்கிக்கொண்டேன்.
எடுத்ததை எழுதாமல் விட்டுப் பழக்கமில்லை.
பால்மாப் பேணி ஒன்றில் போட்டு
மேலே திகதி, இடம்: பரந்தன்,
ஆழம்: விரல் எட்டும் அளவு.
ஐப்பசியில் புகைச் சோதனை.
திரும்பப் பூட்ட வேண்டி வந்தால் பூட்டலாம்.
எங்கள் வேலையில் இல்லாத வசதி.

ஒழுங்கை முனையில் அக்சிலேற்றரை விட்டேன்.
ஒன்றுமில்லை.
குலவீரசிங்கத்தார் நின்றபடியே இருந்தார்,
வாயில் நான்கு வளையாணி,
தோள் மட்டும் காதுவரை ஏறி.
எனக்குப் பின்னால் றோட்டைப் பார்த்தார்.
வரவேண்டியது வரவில்லை.
எஞ்சினை நிறுத்தாமல் நானும் கொஞ்சம் நின்றேன்.
தோள் இறங்க நேரமெடுத்தது.

பிறகு ஆணிகளைக் கையில் துப்பி
மூக்கைச் சுளித்தார்.
"என்ன தங்கச்சி,
பெற்றோல் ஒழுகுதோ?"